லிஃப்ட்காரரின் நாமினி

லிஃப்ட்காரருக்கு வயது நாற்பத்து மூன்று. அந்த நாற்பத்து மூன்று வயதுக்குள் ஒரு படிவத்தைக்கூட அவர் சொந்தமாக நிரப்பியதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அக்கா நிரப்பினாள், பிறகு மனைவி. பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைத்து நீட்டினால், அந்தப் புள்ளியின் மேல் கையெழுத்துப் போடுவார். அதோடு அவர் பங்கு முடிந்தது.

மற்றபடி தொழிலில் கெட்டிக்காரர். நின்றுபோன லிஃப்டின் கதவில் காதை வைத்தால் போதும், கோளாறு கதவுப் பூட்டிலா, உச்சியிலிருக்கும் மோட்டார் அறையிலா என்று சொல்லிவிடுவார். கட்டடக் காவலாளிகள் அவரைக் கண்டால் எழுந்து நிற்பார்கள். ஆனால் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசச் சொன்னால் மட்டும் கல்லுளிமங்கன். "சாப்டீங்களா?" என்றால் "ம்." "இன்னைக்கு வேலை எங்க?" என்றால் "அங்கதான்." அது எந்த "அங்க" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனவள் அவர் மனைவி.

மனைவிக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் பதிவேட்டு அறையில் வேலை. நோயாளிகளின் கோப்புகளை வருஷவாரியாகக் கட்டி அடுக்குவது, டாக்டர் கேட்டால் இரண்டே நிமிஷத்தில் எடுத்துக் கொடுப்பது. முன்பின் தெரியாத மனிதர்களின் உடம்பைப் பற்றியெல்லாம் அவளுக்குத் தெரியும். வீட்டில் இருக்கிற ஒரு மனிதரைப் பற்றித்தான் ஒரு வரியும் தெரியவில்லை. இது அவளே சொன்னது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"கொஞ்ச நாள் தனித்தனியா இருந்து பாப்போம்."

அவர் "சரி" என்றார். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள், எதைப் பார்ப்பது, யார் வந்து முடிந்தது என்று சொல்வது, எதையும் கேட்கவில்லை. இரண்டு பைகளில் துணியை எடுத்துக்கொண்டு போய், ஒரு அச்சகத்துக்கு மேலே இருந்த அறையில் குடியேறினார். காலை ஒன்பது மணிக்கு இயந்திரம் ஓட ஆரம்பித்தால் அறைச் சுவர் முழுக்க அதிரும். கண்ணாடி டம்ளர் மேஜையில் தானாக நகரும். அப்படி எட்டு மாதம் போனது. சனிக்கிழமை தோறும் பத்து வயது மகள் பஸ் நிறுத்தத்துக்கு வருவாள், சாயங்காலம் கொண்டுபோய் விடுவார். அவர் கல்யாணமானவரா, ஆகாதவரா, ஆகிப் போனவரா என்பது அவருக்கே தெரியவில்லை. மதில்மேல் பூனைக்காவது இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ஒரு கேள்வி உண்டு. இவருக்கு மதில் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

இந்த நிலையில்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அது நடந்தது.

ஒரு துணிக்கடைக் கட்டடம். லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று, நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் இரும்புக் கயிறுகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். திடீரென்று பெட்டி ஒரு முழம் கீழே சரிந்து, பாதுகாப்புப் பிடி பக்கவாட்டுத் தண்டவாளத்தைக் கவ்வ, படாரென்று நின்றது. இனி இது விழாது என்று அவருடைய அறிவுக்குத் தெரியும். கைகளுக்குத் தெரியவில்லை. ஒரு கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிடி இறுகிக்கொண்டதால் பெட்டியை அசைக்க முடியவில்லை. அவரை வெளியே எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது.

அந்த நேரம் முழுக்க மேலே மோட்டார் அறையிலிருந்து அவருடைய கூட்டாளி, எல்லோரும் நெட்டை என்று கூப்பிடுகிற ஆள், கயிறு இறங்கும் துவாரத்தில் வாயை வைத்துக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, பயப்படாதீங்க. ஆபீஸ்லேர்ந்து ஒண்ணு கேக்கறாங்க."

"என்னடா?"

"உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா யாருக்குத் தகவல் சொல்லணும்னு."

"எனக்கு என்னடா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலண்ணே. சும்மா எழுதி வச்சுக்கணுமாம். நம்பர் சொல்லுங்க."

லிஃப்ட்காரருக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே ஒரு நம்பர்தான். அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லலாமா கூடாதா என்று தெரியவில்லை. "அப்புறம் சொல்றேன்" என்று கத்தினார். அந்த இருட்டில்தான் அவருக்குத் தன் ஆயுள் காப்பீட்டு ஞாபகம் வந்தது. கல்யாணமான இரண்டாம் வருஷம் எடுத்தது. நாமினி என்று மனைவியின் பெயர் இருக்கிறது. அது இன்னும் இருக்கலாமா?

வெளியே வந்ததும் நேராக அக்கா வீட்டுக்குப் போனார். அக்காவுக்குக் குழப்பம் என்பதே கிடையாது. எதற்கும் உடனே ஒரு முடிவு வைத்திருப்பாள்.

"எட்டு மாசமா நாதியத்துக் கிடக்கறே. நீ போய்ச் சேர்ந்தா காசு மட்டும் அவளுக்கா? முதல்ல போய்ப் பேரை மாத்துடா."

"யார் பேருக்குக்கா?"

"அதையும் நானே சொல்லணுமா?" என்றாள். ஆனால் சொல்லவில்லை.

மறுநாள் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுக் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனார். மூன்றாவது ஜன்னலில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். முன்னால் நிற்பவரைப் பார்க்காமலே பேசுகிற பழக்கம்.

"கல்யாணம் ஆனவரா சார்?"

"ஆமாங்க... அதாவது..."

"சார், ஆமா ஒரு கட்டம், இல்லை ஒரு கட்டம். அதாவதுக்குக் கட்டம் இல்லை."

"ஆமாதாங்க."

"இப்ப இருக்கற நாமினி யாரு?"

"வீட்ல."

"வீட்லன்னா மனைவியா?"

அவர் தலையாட்டினார். அம்மா முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். பிறகு குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டு சொன்னார். பெயர் மாற்றக் காரணம் எதுவும் எழுத வேண்டாம், அது அவர் இஷ்டம். ஆனால் படிவத்தை முழுசாக நிரப்ப வேண்டும், அசல் பத்திரம் வேண்டும். பத்திரம் எங்கே இருக்கிறது?

பத்திரம் வீட்டு பீரோவில் இருக்கிறது. எந்தத் தட்டு, எந்தக் கோப்பு என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். பாலிசி நம்பரும் அவளுக்குத்தான் தெரியும். அவள் பெயரை அடிக்க வேண்டுமென்றால் அவளிடமே போய் நிற்க வேண்டும். லிஃப்ட்காரர் அலுவலக வாசலில் கையில் வெற்றுப் படிவத்தோடு கால் மணி நேரம் நின்றார். சுற்றிச் சுற்றிச் சுப்பர் கொல்லைதானா என்று இருந்தது.

சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போக வழக்கம்போல் பஸ் நிறுத்தத்தில் நிற்காமல், வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டினார். சொந்த வீட்டுக் கதவைத் தட்டுவது ஒரு தினுசாக இருந்தது. எத்தனை தடவை தட்டுவது என்று தெரியவில்லை. மகள்தான் திறந்தாள்.

"அப்பா வந்திருக்காங்கம்மா! உள்ள!"

வீடு அதே வீடுதான். சோபா மட்டும் ஜன்னல் பக்கம் போயிருந்தது. இரண்டு வருஷமாகச் சரிசெய்கிறேன் சரிசெய்கிறேன் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்த குளியலறைக் குழாய் சொட்டுவது நின்றிருந்தது. யார் சரிசெய்தது என்று கேட்க நினைத்தார். அதைக் கேட்க இப்போது தனக்கு உரிமை உண்டா என்று யோசித்தார். அந்த யோசனையிலேயே நேரம் போய்விட்டது.

"என்ன விஷயம்?" என்றாள் மனைவி, கையைத் துடைத்துக்கொண்டே.

"இன்ஷூரன்ஸ்ல பேரு மாத்தணும்."

"யார் பேரை?"

"உன் பேரை."

அவள் துண்டை நாற்காலியில் போட்டாள். "மாத்தி யார் பேரைப் போடணும்?"

லிஃப்ட்காரர் கூரையைப் பார்த்தார். வழியெல்லாம் இவள் அழுதால் என்ன சொல்வது, கத்தினால் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்திருந்தார். இந்தக் கேள்விக்கு ஒத்திகை பார்க்கவில்லை.

"அதுகூட முடிவு பண்ணாமலா வந்தீங்க?" என்று சிரித்துவிட்டாள்.

ஒரு டம்ளர் டீயை அவர் முன்னால் வைத்தாள். பீரோவைத் திறந்து நீல நாடா கட்டிய கோப்பை எடுத்து வந்தாள். மேஜையில் உட்கார்ந்து படிவத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். யாரும் கேட்கவில்லை, அவளும் நிரப்பட்டுமா என்று கேட்கவில்லை. பேனா ஓட ஆரம்பித்துவிட்டது. பாலிசி நம்பர், எடுத்த தேதி, அவருடைய பிறந்த தேதி.

"பதினாலு," என்றார் அவர்.

"பதினாறு. பதினாலு உங்க அக்கா தப்பாச் சொல்லிக் குடுத்தது. சர்டிபிகேட்ல பதினாறுதான்."

தற்போதைய நாமினி என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். உறவுமுறை என்ற கட்டத்தில், பேனா நிற்கிறதா என்று லிஃப்ட்காரர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நிற்கவில்லை. மனைவி என்று மணிமணியாக எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டாள். தயங்காமல் எழுதினாளே, அப்படியானால் இன்னும் மனைவி என்று நினைக்கிறாளா? இல்லை, இது ஆஸ்பத்திரிக் கோப்பு எழுதுகிற கையா? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது அவருக்கு.

"புதுசா யாரு?"

"குட்டி பேரு போடு," என்றார். சொன்ன பிறகுதான் அது தன் முடிவு என்று தெரிந்தது.

அவள் மகளின் பெயரை எழுதினாள். அதற்குக் கீழே இன்னொரு கட்டம் இருந்தது. நாமினி பதினெட்டு வயது நிரம்பாதவராக இருந்தால், அவர் சார்பில் தொகையைப் பெறும் காப்பாளரின் பெயர், உறவுமுறை, கையெழுத்து. அவள் அதைப் படித்தாள். பேனாவை மூடி அவர் பக்கம் உருட்டினாள்.

"இது நீங்க எழுதிக்கோங்க."

"உனக்குக் கோவம் ஒண்ணும் இல்லையே?"

"எதுக்கு? நீங்க செத்தா வர்ற காசுக்கா?" என்றவள், சட்டென்று அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். "ஏன் இப்ப திடீர்னு? உடம்புக்கு ஏதாவதா? ரிப்போர்ட் எதையாவது மறைக்கறீங்களா?"

"ஒண்ணும் இல்ல" என்றார் பழக்கதோஷத்தில். படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனார். செருப்பில் ஒரு காலை நுழைத்தார். இன்னொரு கால் நுழையவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"செவ்வாய்க்கிழமை லிஃப்ட் ஒரு முழம் இறங்கிடுச்சு. நான் மேல நின்னுட்டிருந்தேன்."

அதன் பிறகு எங்கிருந்துதான் வந்ததோ, கால் மணி நேரம் பேசினார். பிடி கவ்வின சத்தம், கயிற்றைப் பிடித்து உட்கார்ந்தது, நெட்டை நம்பர் கேட்டது, ஒரே நம்பர்தான் தெரிந்தது, அதைச் சொல்லாமல் விட்டது, எல்லாவற்றையும் சொன்னார். மகள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் முடித்ததும் மனைவி, "சரி. டீ ஆறிப்போச்சு, வேற போடறேன்," என்று எழுந்து போனாள். உள்ளே தண்ணீர்க் குழாய் வெகுநேரம் திறந்தே இருந்தது. ஒரு டீக்கு அவ்வளவு தண்ணீர் எதற்கென்று அவருக்குப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் போனார்.

"காப்பாளர்னு ஒருத்தர் கையெழுத்துப் போடணுமாம்க்கா. குட்டிக்காக வாங்கி வச்சுக்கணும். நீ போடறியா?"

அக்கா படிவத்தைத் தூரத்தில் பிடித்துப் படித்தாள். "புள்ளை பேர்ல போட்டுட்டு என்னைக் காவல் வைக்கிறியா? நாளைக்கு அவ அம்மா வந்து எங்கே, என்னன்னு என்னைக் கேள்வி கேப்பா. அந்த வம்பெல்லாம் எனக்கு வேண்டாம். என் பேரையே நேரா நாமினியாப் போட்டுடு. குட்டிக்கு நான் செய்யாமலா போயிடுவேன்?"

அக்கா கெட்டவள் இல்லை. அப்பா அம்மா போன பிறகு அவருக்குச் சட்டை தைத்துக் கொடுத்து வேலைக்கு அனுப்பியவள். செய்ய மாட்டாள் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. செய்வாள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்க்கா" என்றார்.

"இதுல யோசிக்க என்னடா இருக்கு? இன்னும் அவளையே நெனச்சுட்டு இருக்கியா?"

அவர் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

படிவம் மூன்று வாரம் அவருடைய கருவிப் பையில் கிடந்தது. ஒரு மூலையில் மசகு பட்டது. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் மதியம் உட்காரும்போது அதை எடுத்து அந்தக் கட்டத்தைப் பார்ப்பார். தனக்குத் தெரிந்தவர்களையெல்லாம் ஒவ்வொருவராக அதில் நிறுத்திப் பார்த்தார். நெட்டை நல்லவன், ஆனால் கிடைத்த சம்பளம் கையில் தங்காது. அச்சகத்துக்காரர் நாணயஸ்தர், ஆனால் மகளின் பெயர்கூடத் தெரியாது. குட்டிக்குக் காய்ச்சல் வந்தால் எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, பள்ளிக்கூடத்தில் யாரோடு சண்டை, எந்தக் கண்ணில் பவர் கூடியிருக்கிறது? இதெல்லாம் தெரிந்த ஆள் உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள். தானே அந்தப் பட்டியலில் இரண்டாவதாகத்தான் வந்தார், அதுவும் ரொம்ப தூரத்தில்.

ஒரு வியாழக்கிழமை மதியம் ஆஸ்பத்திரிக்குப் போனார். பதிவேட்டு அறை அடித்தளத்தில் இருந்தது. பதினைந்து வருஷமாக அவள் வேலை பார்த்த அந்த அறைக்குள் அவர் ஒரு நாளும் போனதில்லை. கூரை முட்டும் இரும்பு அலமாரிகள், நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் போகிற அளவு சந்து, பழைய காகித வாசனை. சின்ன ஏணிமேல் நின்றிருந்தாள். அவரைக் கண்டதும் பதறி இறங்கினாள்.

"குட்டிக்கு என்ன?"

"குட்டிக்கு ஒண்ணுமில்ல. இதுல ஒரு கையெழுத்து வேணும்."

அவள் படிவத்தை வாங்கிப் பார்த்தாள். காப்பாளர் கட்டத்தில் அவளுடைய பெயர், கோணல்மாணலாக, ஒரு எழுத்தை அடித்துத் திருத்தி. அவர் சொந்தக் கையால் எழுதியது.

"மேல என் பேரை எடுத்துட்டு, கீழ என் பேரையே எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"தலையைச் சுத்தி மூக்கைத் தொடறதுன்னா இதுதான். இதுக்கா ஒரு மாசமா அலைஞ்சீங்க? மாத்தாமலே இருந்திருக்கலாமே?"

லிஃப்ட்காரர் அலமாரிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆனாலும் சொன்னார்.

"அங்க மனைவின்னு இருந்துச்சு. அது இப்ப நெசமா இல்லையான்னு எனக்குத் தெரியல. இங்க அம்மான்னு எழுதியிருக்கேன். அது தெரியும்."

அவள் படிவத்தை ஏணிப் படியின் மேல் வைத்து, குனிந்து கையெழுத்துப் போட்டாள். எப்போதும் ஒரே இழுப்பில் போடுகிறவள், இந்தத் தடவை பாதியில் நிறுத்தி மீதியைப் போட்டாள். கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை. அவள் மனது நொந்ததா, பாரம் இறங்கியதா? தெருவுக்கு வந்து பஸ் ஏறி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போகும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது ஜன்னல் அம்மா படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். "சார், இப்பவும் பணம் அவங்க கைக்குத்தானே போகும்?"

"ஆமாங்க."

"அப்ப என்னதான் சார் மாறுச்சு?"

"தெரியலைங்க," என்றார் லிஃப்ட்காரர் உண்மையாகவே. அம்மா முத்திரையைக் குத்தினார்.

அந்தச் செய்தியை அக்காவிடம் சொன்னபோது, அவள் இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை. பிறகு தானாகவே பேசினாள். ஆனால் இன்ஷூரன்ஸ் என்ற வார்த்தையை மட்டும் எடுப்பதில்லை.

பிரிவு மேலும் ஒன்றரை வருஷம் அப்படியே இருந்தது. சனிக்கிழமைகளில் லிஃப்ட்காரர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து போக ஆரம்பித்தார். எந்தக் கட்டடத்தில் என்ன கோளாறு என்று கேட்காமலே சொன்னார். மனைவி கேட்டுக்கொண்டாள், சில சமயம் சிரித்தாள். மகள் இதைப் பார்த்து எதையோ எதிர்பார்த்தாள். அவரும்தான். ஆனால் ஒரு நாள் மனைவி, "காகிதத்துலயும் முடிச்சுடலாமா? இப்படியே தொங்கிட்டு இருக்கறது எனக்கு ஒத்துக்கல," என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. பேச்சு வந்த பிறகு ஏன் பிரிவது என்று அவருக்குத் தோன்றியது. இந்தத் தடவை அதை வாய்விட்டே கேட்டார்.

"இப்ப பேசறீங்க, நல்லாத்தான் இருக்கு," என்றாள். "ஆனா பதிமூணு வருஷம் நான் தனியாப் பேசிட்டேங்க. அது எங்கயும் போகல, உள்ளயே கிடக்கு."

அவருக்குப் பாதி புரிந்தது. மீதிப் பாதிக்காக அவளைக் காத்திருக்க வைக்கக் கூடாது என்பது மட்டும் புரிந்தது.

கோர்ட்டில் விஷயம் முடிந்த அன்று காலையிலிருந்து மழை. மூன்றாவது மாடியில் கையெழுத்துப் போட்டுவிட்டு இருவரும் படிக்கட்டில் இறங்கினார்கள். அங்கே லிஃப்ட் இருந்தது, ஆனால் அதன் கதவு மூடும் சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவது மாடியில் நின்று காதைக் கொடுத்தார்.

"பூட்டு தளர்ந்திருக்கு. என்னைக்காவது நடுவுல நின்னுடும்."

"போய்ச் சொல்லிட்டு வாங்க," என்றாள்.

காவலாளியைத் தேடிப் பிடித்து, அவன் பொறுப்பாளரைத் தேடிப் பிடித்து, எழுதிக் கொடுங்கள் என்று அந்தப் பொறுப்பாளர் ஒரு படிவத்தை நீட்ட, லிஃப்ட்காரர் அதைத் தானே நிரப்பிக் கொடுத்துவிட்டு வரும்போது முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. அவள் போயிருப்பாள் என்றுதான் நினைத்தார். இனி காத்திருக்க வேண்டிய அவசியம் சட்டப்படியும் இல்லை.

வாசல் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"போகலையா?"

"குடை உங்ககிட்ட இருக்கே."

அவர் கையைப் பார்த்தார். ஆமாம், அவளுடைய குடைதான். மழை நின்று அரை மணி நேரம் ஆகியிருந்தது. தெருவில் ஒருவர்கூடக் குடை பிடித்துப் போகவில்லை. லிஃப்ட்காரர் வானத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கேட்கலாமா என்று யோசித்தார். கேட்காமல் குடையை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு, "பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வர்றீங்களா?" என்றாள்.

இருவரும் தேங்கிய தண்ணீரைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள்.